யானை ஸ்டிக்கரும் பச்சைமலை கேம்ப்பும்

போன வாரம் மலைக்கோட்டைத் தெப்பக்குளம் பக்கம் போயிருந்தேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. மிக்ஸி ஜாருக்கு ரப்பர் வாங்கி வரச் சொன்னாள் என் சம்சாரம் செல்வி. ரப்பர் வாங்கப் போனவன் எங்கே போய் நின்றேன் என்றால், பிளாட்பாரத்தில் மடக்குக் கொசுவலை விற்கிறவர் முன்னால். தோசைக்கல் மாதிரி வட்டமாக ஒன்றைக் கையில் வைத்திருந்தார். சும்மா தூக்கிப் போட்டார். அது பட்டென்று விரிந்து, ரெண்டு பேர் படுக்கிற கூடாரமாகத் தரையில் வந்து உட்கார்ந்தது. சுற்றி நின்றவர்கள் விலை கேட்டார்கள். நான் குனிந்து தலையை உள்ளே விட்டேன். புது நைலான் வாசனை. கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் புதுச் செருப்பு, ரெண்டையும் வெயிலில் காயவைத்த மாதிரி ஒரு வாசனை.

"அண்ணே, வாங்கப் போறீங்களா, மோந்து பாக்கப் போறீங்களா?"

"ஒரு நிமிஷம் இருப்பா. பழைய ஞாபகம்."

"ஞாபகத்தையெல்லாம் வெளிய நின்னு வெச்சுக்கங்கண்ணே. வலை அழுக்காவுது."

தலையை வெளியே எடுத்துவிட்டேன். மூக்கு மட்டும் வரவில்லை. அது நேராகப் பச்சைமலைக்குப் போய்விட்டது.

அந்தக் காலத்தில் என்னிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. ஜீயபுரம் படுகையிலிருந்து காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றுகிற ஜீப். அதன் நிறம் என்ன என்று கேட்டால் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்லணும். வாழைக்கறை தெரியும் இல்லையா? வேட்டியில் பட்டால் வேட்டி போகும், கறை போகாது. அந்தக் கறை வருஷக்கணக்கில் பட்டுப் பட்டு, வண்டி வறுத்த காப்பிக்கொட்டை மாதிரி ஆகிவிட்டது. எங்கே நிறுத்தினாலும் ஒரு மாடு வந்து நக்கிவிட்டுப் போகும். வண்டிக்கு ஏற்ற ஆள்தான் நானும். படிப்பு ஆறாவது. பள்ளிக்கூடத்தை நான் விட்டுவிட்டேன் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். எங்கள் வாத்தியாரைக் கேட்டால், பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்தது என்பார்.

காவேரி வற்றிக் கிடந்த ஒரு கோடையில், தார் ஏற்றிக்கொண்டு ஆற்றோரமாக வருகிறேன். மணலில் ஒரு ஜீப் அச்சு வரைக்கும் புதைந்து நிற்கிறது. பக்கத்தில் ஒரு பெரியவர். இடுப்பில் பஞ்சகச்சம், நெற்றியில் பளிச்சென்று திருமண், காலில் போலீஸ்காரர் பூட்ஸ். வண்டியின் முன்கண்ணாடியில் 'டாக்டர்' என்று கொட்டை எழுத்து. கயிறு கட்டி இழுக்கட்டுமா என்று கேட்டேன். இழுத்தேன். அவர் வண்டி வரவில்லை, என் வண்டி போகவில்லை. முன்பு ஒரு வண்டி புதைந்திருந்தது, இப்போது ரெண்டு.

அவர் கோபப்படவில்லை. குனிந்து என் வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். "ஏம்ப்பா, இது ஃபோர் பை ஃபோர்னா!"

"எனக்குக் கணக்கு வராது சார். ஆனா நாலு பை நாலு ஒண்ணுதானே?"

மனுஷர் பூட்ஸ் காலை மணலில் தட்டித் தட்டிச் சிரித்தார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டிக்கு அப்படிப் பெயராம். அதற்கென்று கியர் பக்கத்தில் இன்னொரு சின்னக் கம்பி இருக்குமாம்.

"அதுவா சார்? அதுல நான் கொடை மாட்டி வெச்சிருக்கேன்."

குடையை எடுத்துப் போட்டுவிட்டு, ரெண்டு பேரும் ஆளுக்கொரு கை கொடுத்து அந்தக் கம்பியைத் தள்ளினோம். பல வருஷமாகக் குடை தாங்கிய கம்பி, லேசில் அசையவில்லை. அப்புறம் 'கடக்'கென்று விழுந்தது. என் வண்டி ஒரு முனகு முனகி எழுந்தது. பின்னாலேயே அவர் வண்டியும் வந்தது.

அவர்தான் சம்பத் சார். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி வீடு. காலேஜில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். அந்த டாக்டர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. ரிட்டயர் ஆன மறுநாளே ஜீப் வாங்கி, அதற்குக் கருடன் என்று பெயர் வைத்து, ஜீப் வைத்திருக்கிற நாலைந்து பேரைச் சேர்த்து ஒரு கிளப் ஆரம்பித்திருந்தார். லீவு நாளில் கூட்டமாகக் கிளம்பி, ரோடு இருக்கிற இடத்தை விட்டுவிட்டு ரோடு இல்லாத இடமாகத் தேடிப் போவார்கள். நான் பிழைப்புக்காக வருஷம் முழுக்கச் செய்கிற வேலையை, இவர்கள் லீவு போட்டுச் செய்தார்கள்.

"நீயும் சேர்ந்துடேன்" என்றார் சம்பத் சார்.

கிளப்பில் சேர்ந்தால் ஒரு ஸ்டிக்கர் தருவார்கள். வட்டமாக, மஞ்சளில், யானை தும்பிக்கையைத் தூக்கி நிற்கிற படம். கீழே 'மெம்பர்' என்று போட்டிருக்கும். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் என்னை அதுவரை யாரும் எதிலும் மெம்பராகச் சேர்த்ததில்லை. கடைத்தெருவில் நிறுத்தினால் "ஏய், தார் வண்டி, தள்ளிப் போ" என்பார்கள். எனக்குப் பெயர் உண்டு என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த யானை கண்ணாடியில் ஏறிவிட்டால் தார் வண்டி கிளப் வண்டி ஆகிவிடும். மச்சினனிடம் வேறு முன்கூட்டியே சொல்லித் தொலைத்துவிட்டேன்.

செல்வி மட்டும், "அந்த யானையை ஒட்டினா வண்டி பாரம் தாங்குமா?" என்று கேட்டாள்.

ஆனால் ஸ்டிக்கர் சும்மா கிடைக்காது. கிளப் செயலாளர் ரஃபீக் பாய், பாலக்கரையில் கயிறு, சங்கிலிக் கடை வைத்திருந்தவர், ரூல் என்றால் உயிரை விடுகிற ஆள். அவர் சொன்னார்: "மாப்ள, புதுசா வர்றவனுக்கு ஒரு ட்ரிப் டெஸ்ட். ரெண்டே ரூலு. கான்வாயை விட்டு வண்டி தனியாப் போகக் கூடாது. எவனும் உன் வண்டியைக் கயிறு போட்டு இழுக்கற மாதிரி வெச்சுக்கக் கூடாது. ரெண்டுல ஒண்ணு நடந்தாலும் யானை கிடையாது."

கான்வாய் என்றால் வண்டிகள் வரிசையாக ஒன்றின் பின் ஒன்று போவது. கல்யாண ஊர்வலம் மாதிரி, மாப்பிள்ளை மட்டும் இருக்க மாட்டார்.

டெஸ்ட் ட்ரிப் பச்சைமலைக்கு. சனிக்கிழமை ஏறி, மேலே ஒரு ஊரில் கூடாரம் போட்டுத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மலை முகட்டு வழியாக அந்தப் பக்கத்து அருவிக்குப் போவதாகத் திட்டம். அந்த முகட்டு வழியில் வண்டி ஓட்டுவது சம்பத் சாருக்கு ஒரு வருஷத்துக் கனவு. அதற்கு முன்னால் யாராவது போய் ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டு வரணும். மரவள்ளிக் கிழங்கு ஏற்ற நான் அங்கே ரெண்டு மூன்று தடவை போனவன். "நீ போய் சொல்லிட்டு வா. சனிக்கிழமை நம்ம கேம்ப்புன்னு" என்று அனுப்பினார்.

போனேன். அந்த ஊரில் எது நடந்தாலும் மாணிக்கத்தின் டீக்கடையில் சொன்னால் போதும். அன்றைக்கு நாங்கள் பேசிய பேச்சை அப்படியே சொல்கிறேன், என் மேல் தப்பு இருக்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள்.

"மாணிக்கண்ணே, சனிக்கிழமை இங்க கேம்ப்பு. திருச்சியிலேர்ந்து டாக்டர் வர்றாரு."

"அப்படியாங்க! இந்த வருஷமாச்சும் வந்தீங்களே. இலவசம்தானுங்களே?"

"பின்னே? காசா வாங்குவோம்?" வேடிக்கை பார்க்க டிக்கெட் போடுவோமா என்று கேட்கிறார் என நினைத்தேன்.

"டாக்டரு நல்லாப் பாப்பாருங்களா?"

"அவரு பாக்காததா? ஏற்காடு, கொல்லிமலை, எல்லாம் பாத்தவரு."

"அப்ப ஞாயித்துக்கெழம கீழ கூட்டிட்டுப் போயிருவீங்க?"

யாரோ ஒருத்தர் ரெண்டு பேருக்குத் துறையூர் போகணும் போலிருக்கிறது, அதற்கென்ன என்று, "எடம் இருந்தா ஏத்திக்கிட்டாப் போச்சு" என்றேன்.

மாணிக்கம் டீக்குக் காசு வாங்கவில்லை. முறுக்கு ரெண்டு காகிதத்தில் கட்டிக்கொடுத்தார். நமக்கு என்ன மரியாதை பார்த்தாயா என்று மலையிலிருந்து இறங்கும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். முதலில் சமயபுரம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் மலை ஏறுகிற தைரியம் கிளப்பில் யாருக்கும் கிடையாது, பாய் உட்பட. சம்பத் சார் தீவிர வைஷ்ணவர் ஆச்சே என்று பார்த்தேன். "ஆத்தா எங்க பெருமாளுக்குத் தங்கைதானேப்பா. தங்கையாத்துக்கு வந்துட்டுப் பாக்காம போனா நன்னாருக்குமோ?" என்று அவரே முதலில் இறங்கிப் போனார். அஞ்சு வண்டிக்கும் பழம் வைத்தார்கள். என் வண்டி முதல் பழத்தை மிதிக்கவே ரெண்டு தடவை மக்கர் பண்ணியது.

மலைப் பாதை அப்போது வெறும் மண்ணும் கல்லும். முந்தின வாரம் மழை வேறு. பாய் வண்டியில் வாக்கிடாக்கி இருந்தது, சம்பத் சாரிடம் இருந்தது, மற்ற ரெண்டு மெம்பர்களிடமும் இருந்தது. எனக்குக் கிடையாது. நான் இன்னும் மெம்பர் இல்லையே. அதனால் எனக்கு எதையாவது சொல்ல வேண்டும் என்றால் பாய் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்துவார். அவசரத்தில் அதற்கும் கடைசியில் "ஓவர்" என்பார். நானும் ஒவ்வொரு பள்ளத்திலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சின்னக் கம்பியைத் தடவிக் கொடுத்து, யானை, யானை என்று ஜெபித்துக்கொண்டே ஏறினேன். ஒரு இடத்திலும் மாட்டவில்லை. மேலே போய் நின்றதும் பாய் என் தோளில் தட்டி, "பாதி யானை வந்துடுச்சு மாப்ள" என்றார். தும்பிக்கை வரைக்கும் வந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அங்கேதான் அந்த நைலான் வாசனை. கிளப் கூடாரங்கள் எல்லாம் புதிது. பையிலிருந்து எடுத்ததும் அந்த வாசனை மலைக் காற்றோடு சேர்ந்து வந்தது. எனக்கு ஒரு கூடாரம் கொடுத்தார்கள். கம்பிகளைச் சொருகி, கயிறு கட்டி, கஷ்டப்பட்டு நிறுத்திவிட்டேன். உள்ளே போனால் வெளியே போடுகிற ஜிப் உள்ளே இருக்கிறது, உள்ளே இருக்கிற பாக்கெட் வெளியே தொங்குகிறது. பனியன் மாதிரி திருப்பிப் போட்டிருக்கிறேன். அப்படியே விட்டுவிட்டேன். வெளியில் இருக்கிற பாக்கெட்டில் பீடி வைத்துக்கொள்ள வசதியாகத்தான் இருந்தது.

சாப்பாடு ரெண்டு அடுப்பு. ஒன்று சம்பத் சார் தளிகை: புளியோதரை, ரசத்துக்கு அவர் சொல்கிற சாத்தமுது, எல்லாம் கோவில் வாசனையோடு. இன்னொன்று பாய் பிரியாணி. ரெண்டு அடுப்புக்கும் நடுவில் ஒரு பாறை எல்லை. நான் ஒருத்தன்தான் பாறையைத் தாண்டித் தாண்டிச் சாப்பிட்டேன்.

அப்போதே ஊர்ச் சனங்கள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் வயசானவர்கள். ஒரு அம்மா தயங்கித் தயங்கி வந்து பாயிடம் கேட்டாள்: "நாளைக்கு எத்தன மணிக்குங்க ஆரம்பிப்பீங்க?"

"ஆறு மணிக்கும்மா." வண்டி கிளம்புகிற நேரத்தைக் கேட்கிறாள் என்று பாய் நினைத்தார்.

"வெறும் வயித்தோட வரணுங்களா?"

பாய் கையில் பிரியாணிக் கரண்டியோடு திகைத்துப் போனார். "ஏம்மா வெறும் வயித்தோட? நல்லாச் சாப்ட்டு வாங்க!" அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். "என்ன மாப்ள, வண்டி போறதைப் பாக்க விரதமா இருப்பாங்க?" என்று என்னிடம் கேட்டார். மலையில் அப்படி ஒரு பழக்கம் இருக்கும் பாய் என்று தெரிந்த மாதிரி சொன்னேன்.

காலையில் கூடாரத்திலிருந்து வெளியே வர ஜிப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, சம்பத் சார் குரல் கேட்டது. "பெருமாளே!"

அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். சார் குளித்துவிட்டு, கருடனின் பக்கக் கண்ணாடியைப் பார்த்துத் திருமண் இட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நடுக்கோடு சிவப்பு இழுக்கும்போது, கண்ணாடிக்குள் அவர் முகத்துக்குப் பின்னால் இன்னும் அஞ்சாறு முகம் தெரிந்திருக்கிறது. கோடு மூக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தால், கருடன் நிறைய ஆள். முன்னால், பின்னால், சாமான் வைக்கிற இடத்தில், எல்லா இடத்திலும் தாத்தாக்களும் பாட்டிகளும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு மஞ்சப் பை. பைக்குள்ளே மாற்றுத் துணி, டம்ளர், சீப்பு. பாய் வண்டியும் அப்படித்தான். மற்ற வண்டிகளும் அப்படித்தான். பொறுமையாக, ஒரு சத்தம் இல்லாமல், பஸ் கிளம்பக் காத்திருக்கிற மாதிரி.

"கும்பிடுறேங்க டாக்டரே" என்றாள் முன்சீட்டு அம்மா.

"நான் அந்த டாக்டர் இல்லேம்மா. நான் பிசிக்ஸ்!"

"எதா இருந்தா என்னங்க. இந்தக் கண்ணைக் கொஞ்சம் பாருங்க." விரலால் கண்ணை அகட்டிக் காட்டினாள். சார் பாவம், அவரையும் அறியாமல் குனிந்து பார்த்தார்.

நம்ம பக்கத்தில் கேம்ப்பு என்றால் என்ன? கண் கேம்ப்பு. டாக்டர் வந்து டார்ச் அடித்துப் பார்த்து, கண்ணில் பொரை விழுந்தவர்களை வண்டியில் ஏற்றிக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஆபரேஷன் பண்ணி, கறுப்புக் கண்ணாடி போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். எங்கள் ஜீயபுரத்தில் நானே அப்படி எத்தனை பேரை ஏற்றி அனுப்பியிருக்கிறேன்! கூடாரம் போட்டுப் புளியோதரை சாப்பிடுவதற்கும் கேம்ப்பு என்று பெயர் என்பதை நான் அந்தக் கிளப்பில்தான் முதலில் கேள்விப்பட்டேன். மாணிக்கம் அதுவும் கேள்விப்படவில்லை. சுற்று வட்டாரம் முழுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

"இவருதாங்க சொன்னாரு, டாக்டரு வர்றாரு, எல்லாரையும் ஏத்திக்குவோம்னு" என்று மாணிக்கம் என்னைக் காட்டினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பொரை விழுந்தவர்கள்கூடச் சரியாக என் பக்கம் திரும்பினார்கள்.

என் வண்டிக்கு ஓடினேன். முன்சீட்டில் ஒரு கிழவனார், மடியில் பையை அணைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெயர் அம்மாசி. ரெண்டு கண்ணும் தேங்காய்ப் பால் நிறத்தில் இருந்தது.

"தாத்தா, இது கண்ணு கேம்ப்பு இல்ல. எறங்குங்க."

"எறங்க மாட்டேன் தம்பி. போன தடவ வந்தப்ப லேட்டா வந்துட்டேன், வண்டியில எடம் இல்லன்னுட்டாங்க. அதுக்கப்புறம் ரெண்டு வருசமா ஒரு கேம்ப்பும் வரல. இந்தத் தடவ கோழி கூப்பிடறதுக்கு முன்னாடியே ஏறிட்டேன்."

"நாங்க சும்மா ஊர் சுத்த வந்தவங்க தாத்தா."

"சுத்துங்க. எனக்கு அவசரம் இல்ல. சுத்திட்டு ஆஸ்பத்திரில விடுங்க."

இந்த ஆளை என்ன சொல்லி இறக்குவது? சம்பத் சார் மூக்கு நுனிச் சிவப்போடு போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறினார். அவரிடம் பிளஸ் டூவுக்கு டியூஷன் படித்த பையன் ஒருத்தன் இப்போது டவுனில் கண் டாக்டர். "லென்ஸ் படம் தப்பா போட்டான்னு ஒரு நாள் பூரா வெளில நிக்க வெச்சேன். இப்போ மனுஷா கண்ணுக்குள்ளயே லென்ஸ் வெக்கறான். எந்த மூஞ்சிய வெச்சிண்டு கேக்கறது?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் ஏறினார்.

பாய் என் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கும் சங்கடம்தான். ஆனால் ரூல் மனுஷன். "மாப்ள, நீ இழுத்து விட்டது. முகட்டு வழிக்குச் சார் ஒரு வருசமாக் காத்துட்டிருக்காரு. மத்த வண்டியில இருக்கறவங்களை எப்படியாவது பேசி இறக்கறேன். நீ உன் வண்டி ஆளுங்களைக் கொண்டுபோய் விட்டுடு. ஆனா ஒண்ணு. கான்வாயை விட்டுப் போறே. யானை கிடையாது."

"தெரியும் பாய்."

"வருத்தப்படாத."

வருத்தப்படாமல் என்ன செய்வது? மச்சினன் முகம் கண் முன்னால் வந்தது. அம்மாசியைப் பார்த்தேன். அவர் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் தெரியாது என்றாலும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ பெரிய மனசோடு முடிவு எடுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். இறங்கச் சொல்லி இன்னொரு தடவை கேட்க வாய் வரவில்லை, அவ்வளவுதான். சாவியைத் திருப்பினேன். எப்போதும் மக்கர் பண்ணுகிற சனியன், அன்றைக்குப் பார்த்து ஒரே திருப்பில் கிளம்பியது.

என் வண்டியில் பின்னால் பார்க்கக் கண்ணாடி கிடையாது. கொஞ்ச தூரம் இறங்கியதும் பின்னால் சத்தம் கேட்டது. சங்கு ஊதுகிற மாதிரி ஹார்ன். கருடன் ஹார்ன்தான் அது. தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். கருடன், அதற்குப் பின்னால் பாய் வண்டி, அப்புறம் மற்ற ரெண்டும். எல்லாவற்றிலும் மஞ்சப் பைகள்.

சம்பத் சார் என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். "வரச் சொல்லிட்டான்ப்பா! எத்தனை பேரானாலும் கூட்டிண்டு வாங்கோ சார்னுட்டான். அருவி எங்க போயிடப் போறது? போ, போ, நீ முன்னாடி போ."

அதாவது நான் கான்வாயை விட்டுப் போகவில்லை. கான்வாய் என் பின்னால் வந்தது. நான் முன்னால் போகிறேன்! யானை திரும்பிவந்த சந்தோஷத்தில் கொஞ்சம் வேகமாக இறங்கிவிட்டேன் போலிருக்கிறது. ஓடை தாண்டுகிற இடத்தில், ஏறும்போது சுலபமாக வந்த அதே சேற்றில், வண்டி ஆள் பாரத்தோடு சொதக்கென்று உட்கார்ந்தது. சின்னக் கம்பியைத் தள்ளினேன். இழுத்தேன். கும்பிட்டேன். நாலு சக்கரமும் சேர்ந்து சேற்றைத்தான் கடைந்தது.

"எல்லாரும் கொஞ்சம் எறங்குங்க, வண்டி லேசாகட்டும்" என்றேன்.

ஒருத்தரும் அசையவில்லை. "எறங்கினா எடம் போயிடும்" என்றார் அம்மாசி. பின்னால் இருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பாய் வந்து கெஞ்சினார், சம்பத் சார் வந்து நியூட்டன் பெயரைச் சொல்லி விளக்கினார். பைகளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

வேறு வழி இல்லை. பாய் தன் கடைக் கயிற்றிலேயே நல்ல கயிறாக எடுத்து மாட்டி, என் வண்டியைச் சேற்றிலிருந்து இழுத்து வெளியே போட்டார். முதல் ரூல் தப்பித்தது, ரெண்டாவது ரூல் போயிற்று. கயிறு இறுகும்போது நான் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டேன். "என்ன தம்பி, தூங்கிட்டியா?" என்றார் அம்மாசி.

ஆஸ்பத்திரி வாசலில் எல்லாரையும் இறக்கி உள்ளே அனுப்பினோம். அந்த டாக்டர் ஓடிவந்து சம்பத் சார் காலில் விழுந்தார். சார், "அன்னைக்கு நீ வரைஞ்சதும் ஒரு விதத்துல சரிதான்டா" என்று ஏதோ உளறினார். அப்புறம் வெளியே வேப்ப மரத்தடியில் கிளப் கூடியது.

"யானை விஷயம்" என்று பாய் தொண்டையைக் கனைத்தார். "கயிறு போட்டாச்சு சார். இழுத்ததே நான்தான். ரூல் ரூலுதான்."

சம்பத் சார் பூட்ஸ் சேற்றை மரத்து வேரில் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "பாய், குரங்குக் குட்டி பாத்திருக்கேளா? அம்மாவை அதுவே இறுக்கிப் பிடிச்சுக்கணும். பூனைக்குட்டி அப்படி இல்லே. சும்மாக் கெடக்கும். அம்மா வந்து கவ்விண்டு போவா. பகவான் நம்மளக் காப்பாத்தறது எந்த மாதிரின்னு எங்களவா ரெண்டு கட்சியா நூத்துக்கணக்கான வருஷமா சண்டை போட்டுண்டிருக்கா. அடியேன் பூனைக் கட்சி. கவ்விண்டு போறதுல குட்டிக்கு ஒரு அவமானமும் இல்லே."

"சார், நம்ம ரூல்ல பூனையே இல்லயே சார்."

"போட்டது நான்தானே? போட்டவன் அன்னைக்கு யோசிக்காமப் போட்டுட்டான்."

பாய் என்னைப் பார்த்தார். சேறு காயாத தன் கயிற்றைப் பார்த்தார். அப்புறம் வண்டிக்குப் போய், டேஷ்போர்டிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு வந்தார். "கண்ணாடியத் தொடை, பூனை" என்றார். அவர் ஸ்டிக்கரை வைத்து உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருக்கும்போது நான் ஆஸ்பத்திரிக் குழாயடிக்கு முகம் கழுவப் போய்விட்டேன். பேருக்குத்தான் முகம் கழுவ.

ஆபரேஷன் முடிந்து அவர்களைத் திரும்ப மலைக்குக் கொண்டுவிட நாங்களே போனோம். அம்மாசி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படியையும் ரசித்து ரசித்து இறங்கி வந்தார். என் வண்டி முன்னால் வந்ததும் நின்றார். கண்ணாடியைத் தூக்கினார். முன்னால் பார்த்தார், சுற்றிப் போய்ப் பின்னால் பார்த்தார்.

"இதுலயா தம்பி நான் வந்தேன்?"

"ஆமா தாத்தா."

"தெரிஞ்சிருந்தா ஏறியே இருக்க மாட்டேனே!"

அப்புறம் என் யானையை உற்றுப் பார்த்துவிட்டு, "இது என்ன, பன்னியா?" என்றார். அவர் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. அச்சில் கொஞ்சம் அப்படித்தான் விழுந்திருந்தது.

இப்போது அந்தக் கிளப் வெறும் வாட்ஸ்ஆப் குரூப். காலையில் பாய் ரோஜாப்பூப் படம் போடுவார். சம்பத் சார் வெளிநாட்டில் இருக்கிற மகன் வீட்டுக்கே போய்விட்டார், நமக்கு ராத்திரி ஆகும்போது அவர் காலை வணக்கம் சொல்வார். கருடனை யார் வாங்கினார்கள் என்று தெரியவில்லை. அருவிக்கு முகட்டு வழியாகப் போவது கடைசிவரை நடக்கவில்லை. இனி அந்த வழியும் இல்லை, தார் போட்டுவிட்டார்கள். மினி பஸ் போகிறது. என் ஜீப்புக்கு எஃப்.சி. தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பழைய இரும்புக்கடைக்குப் போவதற்கு முதல் நாள் ஸ்டிக்கரைப் பிரித்து எடுக்கப் பார்த்தேன். நகத்தால் சுரண்டினால் ஒரு காது மட்டும் வந்தது. பாய் ஒட்டியது, லேசில் வருமா? முழுக் கண்ணாடியோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன தை மாசம் செல்வி மலைக்குப் போகணும் என்றாள் என்று மினி பஸ்ஸில் போனோம். நாங்கள் கூடாரம் போட்ட இடத்தில் இப்போது ஒரு பெரிய கேட். கேட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கூடாரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு, ஒரு தொட்டிச் செடி. 'கேம்ப்' என்று பலகை. மாணிக்கத்தின் டீக்கடை எங்கே என்று கேட்டேன். வாசலில் இருந்த செக்யூரிட்டிக்கு மாணிக்கம் யார் என்றே தெரியவில்லை.

"உள்ள போகலாமா சார்?" என்று அவரிடம் கேட்டேன். "சும்மாப் பாத்துட்டு வந்துடறோம்."

"மெம்பர்னாத்தாங்க விடுவாங்க. மெம்பரா நீங்க?"

"மெம்பராத்தான் இருந்தேன். கண்ணாடியோட போயிடுச்சு."

அவர் சட்டென்று எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடடா, கண்ணாடி தொலைஞ்சிடுச்சுங்களா? பாத்து வாங்கய்யா, இங்க படி இருக்கு" என்று மெதுவாக என்னை இறக்கிவிட்டார்.